கழற்றி மாற்றும் பேட்டரி உள்ள மாடுலர் வேப்: வாங்கின வாரத்திலேயே எதையெல்லாம் சோதிக்கணும்?

#1 · கெப்போங்_தேவி

வணக்கம். பார்த்து வச்சிருக்கிறது மூணு துண்டா கழலும் ஒரு மாடுலர் வேப் (மின் சிகரெட்) செட். மேல பாட் (லிக்விடும் அதைச் சூடாக்குற சுருளும் இருக்கிற கூடு), நடுவுல மின்சுற்று போர்டும் திரையும், கீழ பேட்டரிப் பகுதி. பேட்டரிப் பகுதியில ரெண்டு வகை தர்றாங்க. ஒன்னு கம்பெனியே சீல் பண்ணின 1500 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளளவு) கட்டை. இன்னொன்னு 18650 செல் (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) போடுற வெறும் கூடு. பெட்டியில 80 வாட்னு போட்டிருக்கு, ஆனா எனக்குத் தேவை 0.8 ஓம் பாட், 15 முதல் 20 வாட், அவ்வளவுதான்.

கடையில 7 நாளுக்குள்ள மாத்தித் தர்றதா சொல்றாங்க. அந்த 7 நாளுக்குள்ள எதை எப்படிச் சோதிக்கணும், எது தெரிஞ்சா யோசிக்காம திருப்பிக் கொடுக்கணும்? புகை எவ்வளவு வருது, ருசி எப்படின்னு வீடியோ ஆயிரம் இருக்கு. அது வேணாம்.

#2 · பாயான்லெப்பாஸ்_டெக்

பேட்டரி மாற்றும் சாதனத்தில் முதலில் பார்க்க வேண்டியது திரையும் இல்லை, வாட்டும் இல்லை. செல் உட்காரும் இடம்தான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

18650 செல்லின் உலோக உடம்பு முழுவதும் நெகட்டிவ். மேல் முனையில் இருக்கும் சின்ன வட்டம் மட்டும்தான் பாசிட்டிவ். இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு காப்பு வளையமும்தான் இருக்கின்றன. தினமும் செல்லை எடுத்துப் போடும்போது கூட்டின் விளிம்பு அந்த உறையைச் சுரண்டினால், ஒரு நாள் பாசிட்டிவ் முனை பக்கத்தில் உறை கிழிந்து, கூட்டின் உலோகம் இரண்டையும் இணைத்துவிடும். அதற்குப் பிறகு போர்டில் எத்தனை பாதுகாப்பு இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் மின்சாரம் போர்டு வழியாகவே போகாது.

சோதனை எளிது. காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து, செல்லை இன்னும் போடாத வெறும் கூட்டின் வாய், உள் விளிம்பு, கதவின் ஓரம் எல்லாவற்றையும் மெதுவாகத் தடவுங்கள். பஞ்சு நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பிசிறையும் பஞ்சு காட்டிவிடும். குறிப்பாகக் கதவின் திருகு தொடங்கும் இடத்தையும், பாசிட்டிவ் முனை உட்காரும் பக்கத்தையும் விடாதீர்கள். பிசிறு பாசிட்டிவ் பக்கம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கீழ்ப் பக்கம் லேசாக இருந்தால் 600 நம்பர் மணல் தாளால் தேய்த்து, தூளை ஊதித் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

அடுத்தது காற்றுத் துளை. செல் கோளாறாகி வாயு வெளியேறினால் அது போக வழி வேண்டும். கூட்டின் அடியிலோ பக்கத்திலோ துளைகள் இருக்கின்றனவா, சிரிம் (மலேசியத் தரச் சான்று அமைப்பு) ஸ்டிக்கரோ பார்கோடோ அவற்றை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காகப் போடும் சிலிகான் உறையும் இந்தத் துளைகளை அடைத்துவிடும்.

#3 · செந்தூல்_மணி

டெக் அண்ணே சொன்னது சரி. கூடவே ஆட்டிப் பாருங்க சிஸ். செல்லைப் போட்டு மூடி, காது பக்கத்துல வச்சு ஆட்டுங்க. டக் டக்னு சத்தம் வந்தா உள்ள செல் ஆடுது. ஆடினா கான்டாக்ட் விட்டு விட்டுப் பிடிக்கும், திரை அணைஞ்சு அணைஞ்சு எரியும், நாளாக ஆக செல் முனையில கருப்புப் புள்ளி விழும். துண்டு துண்டா கழலுற சாமான்ல இதுதான் பெரிய தொல்லை லா. ஒரே துண்டா இருக்கிற வேப் சாதனத்துல ஒரு இடத்துலதான் கான்டாக்ட். இதுல பாட்டுக்கும் போர்டுக்கும் நடுவுல ஒன்னு, போர்டுக்கும் பேட்டரிப் பகுதிக்கும் நடுவுல ஒன்னு, கூட்டுக்குள்ள செல்லுக்கு ரெண்டு.

80 வாட் கதையையும் சொல்லிடறேன். போர்டு 90 சதவீதம் திறன்னு வச்சுக்கிட்டு, செல் 3.2 வோல்ட்டுக்கு இறங்கின நேரத்துல கணக்குப் போடுங்க. 80 ஐ 0.9 ஆல வகுத்து, திரும்ப 3.2 ஆல வகுத்தா கிட்டத்தட்ட 28 ஆம்பியர். ஒத்தை 18650 ல அதைத் தொடர்ந்து கேட்கிறது அதிகம். சாம்சங் 30க்யூ 15 ஆம்பியர் செல், அதுல 43 வாட் வரைக்கும் போகலாம். 25ஆர் 20 ஆம்பியர், 57 வாட். சோனி விடிசி5ஏ 25 ஆம்பியர், 72 வாட். 80 வாட்டுங்கிறது பெட்டிக்காகப் போட்ட நம்பர். உங்களுக்கு 20 வாட் போதும்னா 7 ஆம்பியர்தான் இழுக்கும், எந்த நல்ல செல்லும் தாங்கும். அதனால ஆம்பியர் பின்னாடி ஓடாம, 3000 எம்ஏஎச் செல்லா வாங்குங்க.

#4 · பட்டர்வொர்த்_சேகர்

எல்லாரும் 18650 பக்கமே பேசறீங்க. சீல் பண்ணின கட்டைக்காக நான் பேசறேன்.

தனி செல்லை பாக்கெட்டுல சாவி, சில்லறையோட போட்டா ஷார்ட் ஆகும். சீல் கட்டையில கான்டாக்ட் உள்வாங்கி இருக்கு, சாவி தொடாது. உறை கிழியுற பேச்சே இல்ல. தலைகீழாப் போடவும் முடியாது, அச்சு அப்படி. உள்ளேயே பாதுகாப்புச் சில்லு உண்டு, ஷார்ட் ஆனா அறுத்துவிடும், அளவுக்கு மீறி இறங்கினாலும் அறுத்துவிடும். மோட்டார்சைக்கிள்ல சுத்துற ஆளுங்களுக்கு, இருட்டுல நின்னு மாத்துற ஆளுங்களுக்கு இது பெரிய விஷயம். உறை, வளையம், முனைன்னு யோசிக்காம மாத்தணும்னா கட்டைதான் நல்லது. தேவி சிஸ் கேட்கிற 20 வாட்டுக்கு ரெண்டு கட்டை வாங்கினா ஒரு நாள் தாராளமா ஓடும்.

#5 · பாயான்லெப்பாஸ்_டெக்

சேகர் சொல்வதில் ஷார்ட் பற்றிய பகுதி முழுக்க நியாயம். ஆனால் கட்டையை வாங்கும் முன் அதன் முகத்தைப் பாருங்கள். ஸ்பிரிங் வைத்த ஊசி போன்ற போகோ பின்கள் இருக்கும். சாதாரண ரகப் பின் ஒன்று 1 அல்லது 2 ஆம்பியர்தான் தாங்கும். 20 வாட்டுக்கு 7 ஆம்பியர் ஓட வேண்டும். பாசிட்டிவுக்கு ஒரே ஒரு மெல்லிய பின், நெகட்டிவுக்கு ஒன்று என்று இருந்தால் சூடாகும். சூடு ஸ்பிரிங்கைத் தளர்த்தும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். பக்கத்துக்கு மூன்று, நான்கு பின்கள், அல்லது அகலமான தகடு இருந்தால் நம்பலாம்.

கூட்டுக்குள்ளும் இதே பார்வை வேண்டும். நெகட்டிவ் பக்கம் பேனா ஸ்பிரிங் போன்ற மெல்லிய கம்பிச் சுருள் மட்டும் இருந்தால் நல்லதல்ல. தகடு ஸ்பிரிங், அல்லது சுருளுக்குள்ளே செப்புப் பின்னல் ஓடும் அமைப்பு நல்லது. கணக்கு இதோ: கான்டாக்டில் 30 மில்லி ஓம் தடை இருந்து 7 ஆம்பியர் ஓடினால் 0.21 வோல்ட் அங்கேயே தொலைகிறது, ஒன்றரை வாட் சூடு அந்தச் சிறு புள்ளியில் இறங்குகிறது. போர்டு அதை "பேட்டரி தீர்ந்தது" என்று புரிந்துகொண்டு சீக்கிரமே நின்றுவிடும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பழக்கமான வேகத்தில் பத்துப் பன்னிரண்டு இழுப்பு இழுத்தவுடன் செல்லை எடுத்து விரலால் தொடுங்கள். உடம்பு முழுக்க ஒரே மாதிரி இளஞ்சூடு என்றால் அது செல்லின் சூடு, சாதாரணம். ஒரு முனை மட்டும் சுட்டால் அந்த முனையின் கான்டாக்ட் மோசம்.

#6 · ஜாலான்பசார்_பாய்

கட்டையா செல்லான்னு கேட்டா நான் ஒன்னுதான் கேட்பேன்: ரெண்டு வருஷம் கழிச்சு அந்தக் கட்டை கிடைக்குமா? இந்தச் சாமான்கள்ல மாடல் மாறிக்கிட்டே இருக்கும். மாடல் போச்சுன்னா கட்டையும் போச்சு, போர்டும் பாட்டும் நல்லா இருந்தாலும் மொத்தமா குப்பைக்குத்தான். 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளம், இது யாரோட சொந்த அளவும் இல்ல. எந்த ஊர்லயும் கிடைக்கும். பேட்டரி மாத்தலாம்னு சொல்லி ஒரு சாமானை வாங்குறதே அதுக்காகத்தானே.

எம்ஏஎச் கணக்கும் பாருங்க. 3000 எம்ஏஎச் செல்லை 3.6 வோல்ட்டால பெருக்கினா 10.8 வாட் மணி. போர்டு நஷ்டம், கடைசியில மிச்சம் நிக்கிறது எல்லாம் கழிச்சா 8.7 கிட்ட. 20 வாட்ல 3 வினாடி இழுப்பு ஒன்னுக்கு 60 ஜூல், அதாவது 0.0167 வாட் மணி. ஏறக்குறைய 500 இழுப்பு. 1500 கட்டையில அதுல பாதி.

செல் வாங்கும்போது கவனம்:

சாதாரணமா கிடைக்கிற 18650 ல உச்சம் 3600 எம்ஏஎச் சுத்துவட்டாரம்தான். 5000, 9900னு எழுதியிருந்தா தொடவே வேணாம். அந்த மாதிரி செல் எடை குறைவா இருக்கும். நல்ல 18650 பெரும்பாலும் 44 முதல் 48 கிராம். சமையல் தராசுலயே வைக்கலாம், 40 க்குக் கீழ காட்டினா சந்தேகப்படுங்க.

"40 ஆம்பியர்"னு பெரிசா எழுதியிருந்தா அது ஒரு நொடி தாங்குற பல்ஸ் அளவு. நமக்கு வேண்டியது தொடர்ந்து தாங்குற ஆம்பியர்.

டார்ச் லைட்டுக்கு விக்கிற பாதுகாப்பு போர்டு வச்ச 18650 நீளம் கூடுதல், 69, 70 மில்லிமீட்டர் வரும். கூட்டுல உட்காராது. அழுத்தி உட்கார வச்சா கான்டாக்ட் வளைஞ்சிடும். மேல் முனை தட்டையா இருக்கிற செல்தான் கேளுங்க, மொட்டு முனை வேணாம்.

செல்லோட ரெண்டு பிளாஸ்டிக் டப்பாவும் உறையும் வாங்குங்க. கோலாலம்பூர் ஜாலான் பசார் பக்கம் எலெக்ட்ரானிக் கடைகள்ல வெப்பத்துல சுருங்குற உறையும், காகித வளையமும், மல்டிமீட்டரும் ஒரே சுத்துல கிடைக்கும்.

#7 · பட்டர்வொர்த்_சேகர்

பாய், கட்டை கிடைக்காம போகும்ங்கிறது சரிதான், அதை மறுக்கல. ஆனா ஒரு வருஷம் ஓடினா போதும்னு நினைக்கிறவங்களுக்கு? அதுவும் செல்லை டப்பாவுல வைக்கிற பழக்கம் இல்லாதவங்களுக்கு?

#8 · ஜாலான்பசார்_பாய்

டப்பாவுல வைக்காத ஆளுக்குக் கட்டைதான் சரி சேகர். அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. தனி செல்லை வெறுமனே பாக்கெட்டுல போடுறவர் 18650 வாங்கவே கூடாது.

#9 · கெப்போங்_தேவி

நன்றி. டப்பாப் பழக்கம் உண்டு, அதனால கூடுதான் எடுத்தேன், 30க்யூ ரெண்டு. பஞ்சுக் குச்சி வச்சுத் தடவினதுல பாசிட்டிவ் பக்கம் சுத்தம், கதவு ஓரத்துல ஒரு இடத்துல மட்டும் மாட்டுச்சு. காற்றுத் துளை அடியில நாலு.

இப்ப போர்டை எப்படிச் சோதிக்கிறது? அப்புறம், பாட்டைக் கழட்டி மாட்டினா சில சமயம் 0.8 காட்டுது, சில சமயம் 0.87, ஒரு தடவை 0.9. இது பரவாயில்லையா?

#10 · பாயான்லெப்பாஸ்_டெக்

ஓமில் தொடங்குவோம். பாட் சூடு ஆறின பிறகு, அறை வெப்பத்தில், கழற்றி மாட்டி மாட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 0.02, 0.03 மாறுவது சாதாரணம். 0.1 மாறுவது கான்டாக்டில் அழுக்கு அல்லது தளர்ந்த பின். மல்டிமீட்டரை வைத்து இதை சரிபார்க்க முயலாதீர்கள், மலிவான மீட்டரின் கம்பியே 0.1 முதல் 0.3 ஓம் காட்டும்.

காரணம் பெரும்பாலும் பாட்டுக்குக் கீழே சேரும் ஈரம். காற்றுக் குழாயில் உறையும் நீராவியும் கசிந்த லிக்விடும் பின்கள் மேல் இறங்கும். அதில் இருக்கும் கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் ஊர் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, பேட்டரியைக் கழற்றிய பிறகு பின்களைத் துடைத்து, பத்து நிமிடம் காய விடுங்கள். அதன் பிறகும் எண் தாவினால் பின் தளர்ந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்க அது போதுமான காரணம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பொத்தான் இல்லாமல் இழுத்தாலே எரியும் (சுருள் சூடாகும்) சாதனங்களில் காற்றழுத்த சென்சார் பாட்டுக்கு அடியிலேயே இருக்கும். அதற்குள் லிக்விட் இறங்கினால் யாரும் இழுக்காமலே தானாக எரியத் தொடங்கும். நல்ல போர்டு 8 அல்லது 10 வினாடியில் நிறுத்திவிடும், மோசமானது மறுபடி மறுபடி எரியும். சோதனை: பாட்டை நிரப்பி, மாட்டி, சாதனத்தைப் படுக்க வைத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் பாட்டைக் கழற்றி, பள்ளத்தில் வெள்ளை டிஷ்யூவை மடித்து அழுத்துங்கள். லேசான ஈரம் பரவாயில்லை. டிஷ்யூ நனைந்து ஒட்டினால் வேறு பாட்டை மாட்டி மறுபடி பாருங்கள். அதிலும் நனைந்தால் அந்தச் சாதனத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். தானாக எரிவதைக் கண்டால் முதல் வேலை செல்லை வெளியே எடுப்பது. கழற்றும் பேட்டரியின் பெரிய நன்மையே இதுதான்.

இனி போர்டு. முழுக்க ஏற்றிய செல்லை மீட்டரில் அளந்தால் 4.2 வோல்ட், 0.05 முன்பின். திரை காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள், 0.05 க்குள் இருந்தால் நல்ல போர்டு. பிறகு 20 வாட்டில் வைத்து, பேட்டரி தீர்ந்தது என்று அதுவே நிறுத்தும் வரை பயன்படுத்துங்கள். செல்லை எடுத்துப் பத்து நிமிடம் ஆற விட்டு அளங்கள். 3.3 முதல் 3.4 வந்தால் அருமை. 3.6 க்கு மேல் நின்றால் போர்டு சீக்கிரம் கைவிடுகிறது, அல்லது முன்பு சொன்ன கான்டாக்ட் தடை. 3.0 க்குக் கீழே இறங்கியிருந்தால் அது செல்லைக் கொல்லும் போர்டு, உடனே திருப்புங்கள். தலைகீழாகப் போட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் வேண்டுமென்றே சோதிக்காதீர்கள். பாதுகாப்பு இல்லாத போர்டு என்றால் அந்தச் சோதனையிலேயே போய்விடும்.

#11 · செந்தூல்_மணி

சார்ஜ் விஷயம் யாரும் சொல்லல. யூஎஸ்பி-சி ஓட்டை இருக்கேன்னு அதுலயே ஏத்தாதீங்க சிஸ், அவசரத்துக்கு மட்டும் வச்சுக்குங்க. வெளி சார்ஜர்ல 18650 க்கு 1 ஆம்பியர் போதும், வேகம் வேணாம். மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆகட்டும்.

அந்த ஓட்டையையும் சோதிச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் சி இருக்கிற கேபிள்ல சார்ஜ் ஏறலைன்னா, ஒரு பக்கம் பழைய அகல யூஎஸ்பி இருக்கிற கேபிள்ல போடுங்க. அதுல ஏறுச்சுன்னா, கம்பெனிக்காரன் சி கேபிளுக்கு வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டைப் போடாம மிச்சம் பிடிச்சிருக்கான்னு அர்த்தம். ஆபத்து இல்ல, ஆனா மத்த இடத்துலயும் எங்க மிச்சம் பிடிச்சான்னு பார்க்கத் தோணும்.

வெயில்ல நிக்கிற காடியில (கார்ல), மோட்டார்சைக்கிள் பாக்ஸ்ல செல்லை விடாதீங்க. வெயில்ல கிடந்த சூட்டோட செல்லை சார்ஜர்ல போடவே கூடாது, 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்துறது செல்லுக்கு ஆகாது. ஆறின பிறகுதான். காடி சூட்டுல லிக்விட் இளகிப் பாட்டும் ஒழுகும், அப்புறம் சாதனத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

#12 · பூலாவ்திக்குஸ்_கலா

ஒழுகலைப் பற்றி ஒரு வார்த்தை. 0.8 ஓம் பாட்டுக்கு 50/50 லிக்விட் (பாதி கிளிசரின், பாதி புரோப்பிலீன் கிளைகால்). 70 சதவீதம் கிளிசரின் உள்ள கெட்டி லிக்விடைப் போட்டால் பாட்டுக்குள் இருக்கும் பஞ்சுக்கு வேகமாகப் போய்ச் சேராது, கருகல் வாடை வரும். மாறாக 0.3 ஓம் பாட்டுக்குள் தண்ணீர் போன்ற 50/50 போட்டால் ஒழுகும். புது பாட்டை நிரப்பி 10 நிமிடம் காத்திருந்து பிறகு இழுங்கள். அதிக நிக்கோடின் உள்ள சால்ட் (நிக்கோடின் உப்பு) லிக்விடைக் குறைந்த ஓம், அதிக வாட்டில் போட வேண்டாம். தலைசுற்றலும் வாந்தியும் அதனால்தான் வருகின்றன. லிக்விட் குப்பி பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது, சில மில்லி உள்ளே போனாலும் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு ஒன்று வாங்கத் தொடங்க வேண்டாம். நிக்கோடின் பிடித்துக்கொண்டால் விடுவது கஷ்டம். 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு விற்பதே குற்றம், மலேசியாவின் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 852 கடந்த 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் சிகரெட்டுக்கு உள்ள தடை வேப்புக்கும் உண்டு.

#13 · கெப்போங்_தேவி

அளந்து பார்த்தேன். முழுசா ஏத்தினப்ப மீட்டர் 4.18, திரை 4.16. தானா நின்ன பிறகு பத்து நிமிஷம் ஆறவிட்டு 3.38. டிஷ்யூவுல லேசான ஈரம் மட்டும். ஆல்கஹால் போட்டுத் துடைச்ச பிறகு ஓம் 0.80, 0.82 க்குள்ள நிக்குது. ஆனா செல்லோட கீழ் முனை கொஞ்சம் கூடுதலா சுடுது, மேல் முனை இல்ல. உறையில கதவுப் பக்கம் ஒரு கோடு விழுந்திருக்கு, கிழியல.

ரெண்டு கேள்வி. இதைத் திருப்பணுமா? அடுத்து, மலேசியாவுல இருந்து சிங்கப்பூர் இல்ல தாய்லாந்து ஹட்யாய் போகும்போது எப்படிக் கொண்டு போறது?

#14 · பாயான்லெப்பாஸ்_டெக்

போர்டு நன்றாக இருக்கிறது. கீழ் முனை சூட்டுக்குக் கதவின் திருகுப் பகுதியைப் பாருங்கள். பல கூடுகளில் நெகட்டிவ் மின்சாரம் கதவின் திருகு வழியாகத்தான் உடம்புக்குப் போகிறது. புதுச் சாதனத்தில் அங்கே எந்திர எண்ணெய் அப்படியே இருக்கும். கதவைத் தனியே கழற்றி, திருகின் இரு பக்கமும் பழைய பல் துலக்கியில் ஆல்கஹால் போட்டுத் தேயுங்கள். துணியில் கருப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். அதற்குப் பிறகும் கீழ் முனை சுட்டால், 7 நாள் முடிவதற்குள் கூட்டை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாடுலர் என்பதால் முழு செட்டும் மாற்ற வேண்டியதில்லை. பெட்டியில் சிரிம் சான்று முத்திரை இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள், 2022 இலிருந்து சாதனங்களுக்கு அது கட்டாயம்.

#15 · ஜாலான்பசார்_பாய்

உறையில கோடுதான், உள்ள வெள்ளி நிறம் தெரியலைன்னா பரவாயில்ல. ஆனா அந்தக் கதவு ஓரத்தைத் தேய்ச்ச பிறகுதான் மறுபடி போடணும். புது உறை மாத்தும்போது பழசைக் கத்தியால கீறாதீங்க, செல் உடம்புல பட்டுடும். நகத்தால கீழ் ஓரத்தைத் தூக்கி உரிங்க. மேல இருக்கிற காகித வளையத்தை அப்படியே வச்சு, அது கிழிஞ்சிருந்தா புதுசு வச்சு, புது உறையை ரெண்டு பக்கமும் சமமா விட்டு, முடி காய வைக்கிற டிரையர்ல கொஞ்ச தூரத்துல இருந்து சுருக்குங்க. லைட்டர் நெருப்பு காட்டக் கூடாது.

சிங்கப்பூர், தாய்லாந்து ரெண்டுக்கும் ஒரே பதில்: கொண்டு போகாதீங்க. சிங்கப்பூர்ல 2018 பிப்ரவரியிலிருந்து கையில வச்சிருக்கிறதே குற்றம். தாய்லாந்துலயும் கொண்டு வரத் தடை இருக்கு, பாடாங் பெசார் எல்லையைத் தாண்டுறதுக்கு முன்னாடியே வீட்டுல வச்சிட்டுப் போங்க. உள்நாட்டுல பினாங்குக்கோ கூச்சிங்குக்கோ விமானத்துல போனா, சாதனமும் செல்லும் கைப்பையில மட்டும், பெரிய பெட்டியில போடக் கூடாது. செல்லைக் கழட்டி டப்பாவுல, பாட்டைக் காலி பண்ணி.

#16 · பட்டர்வொர்த்_சேகர்

பழைய செல்லை என்ன பண்றது பாய்? குப்பைத் தொட்டியில போடறவங்களைப் பார்க்கிறேன்.

#17 · ஜாலான்பசார்_பாய்

தொட்டியில போட்டா குப்பை லோரி அமுக்கும்போது தீப்பிடிக்கும். ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குற இடத்துல கொடுங்க. மலேசியாவோட 2005 அபாயக் கழிவு விதிகள்ல லித்தியம் பேட்டரிக் கழிவு எஸ்டபிள்யூ 103 வகையில வருது, சும்மா வீசுற சாமான் இல்ல. உறை கிழிஞ்சு உடம்பு நசுங்கின செல், கீழ விழுந்து முனை வளைஞ்ச செல், சார்ஜ் ஏத்தி ஒரு நாள் வெச்சதுக்கே 4.2 ல இருந்து 4.1 க்குக் கீழ இறங்குற செல், இந்த மூணையும் வோல்ட் நல்லாக் காட்டினாலும் திரும்பப் போடாதீங்க.

#18 · கெப்போங்_தேவி

கதவுத் திருகுல இருந்து நிறைய கருப்பு வந்துச்சு. துடைச்சு, ஓரத்தையும் 600 தாள்ல தேய்ச்சுட்டேன். இப்ப ரெண்டு முனையும் ஒரே சூடு, பஞ்சும் மாட்டல. கூட்டை வச்சுக்கறேன். ரெண்டாவது செல்லையும் இதே வரிசையில அளந்து நம்பரைப் போடறேன்.